அடிமைக் கணக்கைத் தேடிய அம்மையார்

மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தாருங்கள் என்று சங்கத்தார் கேட்டார்கள். நம் பக்கத்து வரலாறு என்றாலே சித்தன்னவாசலும் குடுமியான்மலையும்தான் எழுதுவோம். இந்த முறை வயற்காட்டுப் பக்கம் போவோம்.

இலுப்பூரில் வயதானவர்களிடம் 'பண்ணையாள்' என்று சொல்லிப் பாருங்கள். யாரும் விளக்கம் கேட்க மாட்டாங்க. அந்தப் பண்ணையாளின் முன்னோர் சட்டப்படி அடிமைகளா, வழக்கப்படி அடிமைகளா? இதை நான் படித்துத் தெரிந்துகொண்டது பொருளாதார வரலாற்று அறிஞர் தர்மா குமார் (1928–2001) எழுதிய நூலில்தான். ரிசர்வ் வங்கியில் வேலை பார்த்து, கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்து, டெல்லியில் பேராசிரியராக இருந்தவர். தென்னிந்திய நிலமும் சாதியும் பற்றிய அவரது நூல் 1965இல் வந்தது.

நிலமில்லாத கூலிகளை உண்டாக்கியதே வெள்ளைக்காரன்தான் என்று பலரும் எழுதிய காலம் அது. அம்மையார் பழைய அறிக்கைகளையும் மக்கள்தொகைக் கணக்குகளையும் புரட்டி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்தில் 10 முதல் 15 சதவீதம் பேர் அப்படி இருந்தார்கள், அவர்களைக் கட்டிப்போட்டது சாதி என்று மதிப்பிட்டார். சாதிப் பெயரை வைத்துத் தொழிலைக் கணிக்கலாமா என்று மறுத்தவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனாலும் பழியை முழுக்க அந்நியன் தலையில் போட்டுவிட்டு நாம் கைகழுவ முடியாதபடி செய்துவிட்டார்.

சட்டத்தின் கதையைக் கேளுங்கள். 1843இன் ஐந்தாம் சட்டம் அடிமையை வைத்திருப்பதைக் குற்றம் என்று சொல்லவில்லை. 'இவன் என் அடிமை' என்று வழக்குப் போட்டால் நீதிமன்றம் ஏற்காது, வரிப் பாக்கிக்காக அதிகாரிகள் ஆளை விற்கக் கூடாது, அவ்வளவுதான். அடிமையாக ஆளை வாங்குவதும் விற்பதும் குற்றமானது 1862இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது. நிலம் கைமாறவில்லை, கடனும் தீரவில்லை. அடிமைக்குப் பெயர்தான் மாறியது. புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் சமஸ்தானம். கம்பெனிச் சட்டம் அங்கே நேரடியாகச் செல்லாது. சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது 1948இல்.

அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது, 23ஆம் பிரிவு கட்டாய வேலையைத் தடுத்தது. ஆனால் கொத்தடிமைக் கடனையே செல்லாததாக்கிய சட்டம் 1976இல்தான் வந்தது. 1843க்கும் அதற்கும் இடையே 133 வருஷம்! இந்த மலரைப் படிக்கும் மூத்த மாணவர்களில் பலர் அதற்கு முன்பே பிறந்தவர்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் பழைய கடன் பத்திரமோ, ஆள் பெயர் போட்ட பண்ணைக் கணக்கு நோட்டோ கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வரலாற்றுத் துறையில் கொண்டுவந்து காட்டுங்கள், தம்பிகளே.