காமன் கூத்தும் கொழும்பு வானொலியும்

நாட்டார் கலை இடம்பெயர ஆள் இடம்பெயர வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்காகக் கடல் தாண்டி, மன்னாரிலிருந்து காட்டுவழி நடந்த கூலிகளோடுதான் காமன் கூத்து இலங்கை மலையகம் சேர்ந்தது. ரதி, மதன் வேஷம் கட்ட ஆளிருந்த தோட்டங்களில் அது தங்கியது.

சினிமாப் பாட்டின் வழி வேறு. 1952இல் மத்திய ஒலிபரப்பு அமைச்சரான கேஸ்கர் அகில இந்திய வானொலியில் அதை ஒடுக்கினார் (சாஸ்திரீய சங்கீதத்தைக் காக்கிறாராம்). சென்னையில் பதிவான பாட்டு கொழும்பு போய், அங்கிருந்து அலையேறித் தமிழ்நாட்டு வீடுகளுக்கே திரும்பியது. கேட்டவன் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

அதே கொழும்பில் இயற்றிய 1948ஆம் ஆண்டுச் சட்டம் மலையகத்தாருக்குக் குடியுரிமை மறுத்திருந்தது. 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. மதன் வேஷக்காரன் கப்பலேறினால் அந்தத் தோட்டத்தில் வேறொருவன் அரிதாரம் பூசவேண்டும். வானொலி வழக்கம்போல் பாடிக்கொண்டிருந்தது.