உத்தியோகமும் எழுத்தும்: வன்னி நாவலின் வாழ்க்கைப் பின்னணி

ஈழத்துத் தமிழ் நாவலின் வரலாற்றை எழுதியோர் அதன் உருவம், உள்ளடக்கம், கருத்துநிலை ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். நாவலாசிரியரின் வீட்டு அடுப்பு எதனால் எரிந்தது என்னும் வினா அதே அளவு கவனம் பெறவில்லை எனலாம். பகலில் எவ்வேலை செய்து பொருளீட்டினார், அவ்வேலை அவரது எழுத்துக்கு எதைக் கொடுத்தது, எதைப் பறித்தது என்பன இலக்கிய வரலாற்றுக்குப் புறம்பான வினாக்கள் அல்ல. வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய வன்னிப் பெருநிலப்பரப்பைப் பொருளாகக் கொண்டு எழுதிய மூவரை முன்வைத்து அவ்வினாக்களை ஆராய இக்கட்டுரை முற்படுகின்றது.

எழுத்தும் ஊதியமும் தம்முள் முரண்படுவது எமது நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கில நாவலாசிரியர் அந்தனி ட்ரொலப் நீண்டகாலம் தபாற் சேவையில் உத்தியோகம் வகித்தவர். விடியற்காலையில் எழுந்து, கடிகாரத்தை முன்வைத்துக் கால் மணித்தியாலத்துக்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதிவிட்டுக் கடமைக்குச் சென்றார். 1883 இல் வெளிவந்த தன்வரலாற்றில், எழுத்தால் ஈட்டிய ஏறத்தாழ 70,000 பவுணுக்கு அவர் கணக்கும் காட்டினார். அவ்வருவாய் பெருகியமையாலேயே 1867 இல் உத்தியோகத்தைத் துறக்க அவரால் முடிந்தது. தமிழிலோ நிலைமை வேறு. தமிழகத்தில் புதுமைப்பித்தன் பத்திரிகை அலுவலகங்களிலும் பின்னர் திரைப்படத் துறையிலும் ஊதியம் தேடி, 1948 இல் வறுமையிலும் நோயிலும் மறைந்தார். தமிழகத்தினும் சிறிய வாசகர் தொகையைக் கொண்ட இலங்கையில் நாவலை மட்டும் நம்பி வாழ முற்படுதல் இயலாத காரியமாகவே இருந்தது.

எழுபதுகளில் இந்நிலையில் ஒரு சிறு மாற்றம் நேர்ந்தது. 1970 இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியபோது தமிழக இதழ்களின் வரவும் குறைந்தது. அந்த இடைவெளியில் உள்ளூர் வெளியீடுகள் தழைத்தன. 1930 இல் தொடங்கப்பெற்ற வீரகேசரி நாளிதழின் நிறுவனம் எழுபதுகளில் ஈழத்து நாவல்களைத் தொடர்ந்து நூலுருவில் வெளியிட்டது. வன்னியின் குளக்கட்டுகளும் காடுகளும் நாவலில் அழுத்தமாக இடம்பெற்ற காலமும் இதுவே. எனினும் இம்முயற்சி எழுத்தாளனுக்கு வாசகரைத் தந்ததேயன்றி வாழ்க்கைச் செலவுக்குப் போதிய ஊதியத்தைத் தந்தது எனக் கூறுதல் பொருந்தாது. எழுதியோர் ஆசிரியராகவும் அரச அலுவலராகவும் கமக்காரக் குடும்பத்தினராகவுமே தொடர்ந்து இருந்தனர்.

அவருள் முதலிற் குறிப்பிடத்தக்கவர் முல்லைத்தீவுத் தண்ணீரூற்றைச் சேர்ந்த அ. பாலமனோகரன். அவர் தொழிலால் ஆசிரியர். 1973 இல் வெளிவந்த அவரது நிலக்கிளி சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. தண்ணிமுறிப்பு என்னும் காட்டோரக் கிராமமே அதன் களம். பதஞ்சலி என்னும் பெண்ணைச் சுற்றி அமைந்த அக்கதையில், வெளியிலிருந்து வந்து சேரும் ஆசிரியர் ஒருவரும் முக்கிய பாத்திரமாகின்றார். இது தற்செயலானதன்று என்பது எமது கருத்து. அக்காலத்து வன்னிக் கிராமத்திற்குள் வந்து தங்கி, அதன் மக்களோடு பழகி, அதேவேளை அதனை ஒரு வெளியாளின் கண்ணாலும் நோக்கக்கூடியவராக ஆசிரியரே இருந்தார். பிள்ளைகளின் வரவு குறைந்தால் அது விதைப்புக் காலமா, அறுவடைக் காலமா என்பது அவருக்குத் தெரியும். சம்பளத்துக்காகச் செய்த தொழில் கதைக்குரிய கண்ணோட்டத்தையும் வழங்கியது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

இரண்டாமவர் செங்கை ஆழியான் என்னும் புனைபெயரால் அறியப்பெற்ற க. குணராசா. 1941 இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிற் பிறந்த அவர், பேராதனையில் புவியியல் பயின்று, பின்னர் நிருவாக சேவையிற் சேர்ந்தவர். செட்டிகுளம், கிளிநொச்சி முதலிய வன்னிப் பகுதிகளிலும் கடமையாற்றினார். காரியாதிகாரி ஒருவரின் நாளாந்தப் பணி யாது? காணிக்கச்சேரி நடத்துதல், அனுமதிப்பத்திர விண்ணப்பங்களை விசாரித்தல், வெள்ளத்தாலும் வரட்சியாலும் பாதிக்கப்பட்டோரின் விபரம் திரட்டுதல், எல்லைத் தகராறுகளைக் கேட்டறிதல் என்பன அதில் அடங்கும். கமக்காரனின் துன்பம் முறைப்பாடாக வந்து அவரது மேசையில் விழுகின்றது. வன்னிக் கிராமமொன்றில் ஏழைக் கமக்காரரை அலுவலர்களும் வசதி படைத்தோரும் சுரண்டும் விதத்தைக் காட்டும் காட்டாறு (1977) இத்தகைய மேசை அனுபவத்தின்றி எழுதப்பட்டிருக்க முடியாது.

நிருவாகி நூலாசிரியராதல் வன்னிக்குப் புதியதன்று. பிரித்தானிய ஆட்சிக்கால அலுவலரான ஜே. பி. லூயிஸ் 1895 இல் வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலை எழுதினார். அவ்வரிசையில் மற்றுமோர் ஒப்புமையும் உண்டு. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வுல்வ், அங்கு கண்ட காட்டுக் கிராம வாழ்வை நாவலாக்கி 1913 இல் வெளியிட்டார். அப்போது அவர் உத்தியோகத்தை விட்டு இங்கிலாந்துக்குத் திரும்பியிருந்தார். குணராசா உத்தியோகக் கதிரையில் இருந்துகொண்டே அலுவலர் ஊழலை எழுதினார். தாபன விதிக்கோவைக்குக் கட்டுப்பட்ட ஒருவருக்கு அது எளிதான காரியமன்று. வுல்வுக்கு வாய்த்த தூரம் அவருக்கு வாய்க்கவில்லை.

குணராசாவுக்கு உத்தியோகத்தோடு மற்றுமொரு எழுத்துப் பணியும் இருந்தது. மாணவர்க்கான புவியியல் நூல்களைத் தம் இயற்பெயரில் அவர் தொடர்ந்து எழுதினார். பாடநூல் ஆண்டுதோறும் மாணவர் வாங்குவது. நாவலோ வாசகர் விரும்பினால் மட்டுமே விற்பது. ஒரே கையால் எழுதப்பட்டவை இரு பெயர்களில் இருவேறு வாசகரைச் சென்றடைந்தன. ஆயினும் அவ்விரு எழுத்துகளும் ஒன்றையொன்று தொடாது நின்றன எனக் கூறுவதற்கில்லை. வாடைக்காற்று, காட்டாறு, நந்திக்கடல், கங்கைக்கரையோரம் என அவரது நாவற் பெயர்களை நோக்குமிடத்து அவை புவியியற் பாடமொன்றின் உபதலைப்புகள் போலவே தோன்றுகின்றன. 1973 இல் வெளிவந்து 1978 இல் திரைப்படமாகிய வாடைக்காற்றில், பருவக்காற்றோடு இடம்பெயரும் மீனவரின் வாழ்வே கதையாகின்றது. காற்றின் திசை மாணவர்க்குப் பாடமாயிற்று. அதுவே நாவலில் மனிதரின் விதியாயிற்று.

மூன்றாமவர் பரந்தன் குமரபுரத்தைச் சேர்ந்த தாமரைச்செல்வி. எழுபதுகளில் எழுதத் தொடங்கிய இவரது சுமைகள் 1977 இல் நாவலாக வெளிவந்தது. முன்னைய இருவருக்கும் மாதச் சம்பளமும் விடுமுறை நாளும் இருந்தன. வயலும் வீடும் ஒருங்கே கவனிக்க வேண்டிய குடும்பப் பெண்ணுக்கு இரண்டும் இல்லை. இரணைமடுக் குளத்து நீர் திறக்கப்படும் நாளை எழுத்துக்காகத் தள்ளிப்போட முடியாது. கிளிநொச்சிக் குடியேற்ற மக்களின் உழைப்பைப் பேசும் பச்சை வயல் கனவு இத்தகைய வாழ்வின் உள்ளிருந்து எழுந்தது. அவரது சிறுகதைத் தொகுதி ஒன்றின் பெயர் அழுவதற்கு நேரமில்லை என்பது. போரினால் அலைக்கழிந்த மக்களைக் குறித்த அத்தொடர், அம்மண்ணின் பெண் எழுத்தாளர் ஒருவரின் அன்றாடத்துக்கும் பொருந்துவதாகும். பெண்கள் ஏன் குறைவாக எழுதினர் என வினவுவோர் முதலில் அவர்களது நாளின் மணித்தியாலங்களை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இதுவரை கூறியவற்றால், ஊதியத் தொழில் எழுத்துக்கு நன்மையே செய்தது என முடிவு காணுதல் தவறாகும். அத்தொழில் அனுபவத்தைத் தந்தது, காலத்தை எடுத்துக்கொண்டது. ஈழத்து நாவல்கள் பல அளவிற் சிறியனவாகவும் முடிவில் விரைவுபட்டனவாகவும் இருத்தலை விமர்சகர் குறையாகக் கூறுவதுண்டு. இரவின் எஞ்சிய பொழுதில் எழுதப்பட்ட நாவலுக்கு அக்குறையின் காரணம் ஆற்றலின்மை மட்டுமே எனக் கொள்ளுதல் நீதியாகாது. எழுதப்படாமலே போன நூல்களுக்கு எந்தப் பட்டியலும் இல்லை.

போர் மற்றுமோர் இழப்பைச் சேர்த்தது. தண்ணிமுறிப்பு மக்கள் 1984 இன் இறுதியில் தம் ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது. பாலமனோகரன் எண்பதுகளில் டென்மார்க்குக்குப் புலம்பெயர்ந்து, அங்கு டேனிஷ்-தமிழ் அகராதிப் பணியிலும் ஈடுபட்டார். 1996 இல் கிளிநொச்சி பெரும் இடப்பெயர்வைக் கண்டது. 2009 இல் போர் முடிவுற்றபோது வன்னியின் வீடுகளோடு நூல்களும் கையெழுத்துப் படிகளும் அழிந்திருந்தன. 2005 இல் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் இணையச் சேகரத்தின் பயனாக அச்சேறிய நூல்கள் பலவற்றை இன்று நாம் படிக்க முடிகின்றது. ஆனால் அவற்றை எழுதியோரின் இடமாற்றக் கடிதங்கள், நாட்குறிப்புகள், பதிப்பாளரோடு நடத்திய கடிதப் போக்குவரத்து, பெற்ற சன்மானத்தின் பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றை அதே அக்கறையோடு தேடுவோர் சிலரே.

செங்கை ஆழியான் 2016 இல் மறைந்தார். அவர் தலைமுறையினருள் எஞ்சியோரிடம் கேட்டறிய வேண்டியவை இன்னும் உள. எந்த ஆண்டில் எந்த ஊரில் கடமையாற்றினீர்கள், எந்த நேரத்தில் எழுதினீர்கள், நூலுக்கு என்ன கிடைத்தது என்னும் எளிய வினாக்களோடு கலைப்பீட மாணவர் அவர்களது வாசலுக்குச் செல்லலாம். வன்னி நாவலின் வரலாற்றில் விடுபட்ட அதிகாரம் அவ்விடைகளிலிருந்தே எழுதப்பட வேண்டியுள்ளது. அதனை எழுதும் பொறுப்பு எமது தலைமுறையைச் சார்ந்தது.