நிலைச் சமன்பாடுகளும் சமூகத் தேவையும்

விஞ்ஞானச் சமன்பாடுகளைத் தனிமனித மேதைமையின் விளைவுகளாகக் கொள்ளும் மரபு இன்றும் வலிமை குன்றாதுள்ளது. எண்ணெய், வாயு, நீர் ஆகியவற்றைப் பிரித்தெடுக்கும் கணிப்புகளிற் கையாளப்படும் நிலைச் சமன்பாடுகளின் வரலாறு இம்மரபை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது.

1873இல் லெய்டன் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு சமர்ப்பித்த வான் டெர் வால்ஸ் ஒரு தச்சரின் மைந்தர். கிரேக்கமும் இலத்தீனும் கல்லாதார்க்குப் பல்கலைக்கழகப் பரீட்சைகள் மூடப்பட்டிருந்தன. அவ்விதி தளர்ந்த பின்னரே அவர் கலாநிதியாக முடிந்தது. வாயுவையும் திரவத்தையும் ஒரே சமன்பாட்டினுள் அடக்கிய அவரது சிந்தனை, முக்கால் நூற்றாண்டின் பின் பெருந்தொழிலின் கருவியாயிற்று. 1949இல் குவொங்குடன் இணைந்து அதனைத் திருத்திய ரெட்லிக், நாசிகள் ஒஸ்திரியாவை இணைத்த 1938இல் நாடு நீங்கியவர். திருத்தம் வெளிவந்த காலத்தில் ஷெல் நிறுவன ஆய்வுகூடத்திற் பணியாற்றினார். சோவே (1972), பெங்-றொபின்சன் (1976) ஆகியோரின் திருத்தங்கள் ஐதரோகாபன்களின் ஆவி-திரவச் சமநிலையைத் தொழிலுக்குப் போதிய துல்லியத்துடன் தந்தன.

எனினும் நீர் இவற்றுள் அடங்கவில்லை. நீர் மூலக்கூறுகள் ஐதரசன் பிணைப்பால் தம்முட் கூடுவன. எண்ணெய்க்கென வகுத்த எளிய கலப்பு விதியில், எண்ணெயில் நீரின் கரைதிறனையும் நீரில் எண்ணெயின் கரைதிறனையும் ஒரே மாறிலியாற் பெற இயலாது. இம்முரண்பாடே, அப்பிணைப்பையும் கணக்கிற் கொள்ளும் சமன்பாடு 1996இல் தோன்ற ஏதுவாயிற்று.

ஆகவே, மாதிரியுருவைத் தெரிவுசெய்வோர் அது எக்கலவைக்காக ஆக்கப்பட்டது என முதலில் வினவுதல் வேண்டும். தேவையே அனைத்தையும் விளக்கும் என்போமாயின் நாமும் தவறிழைப்போம். சமூகத் தேவை வினாவை எழுப்புகிறது. விடையைப் பொருளின் இயல்பே தீர்மானிக்கிறது.