மெக்சிஸ்: 012 எண்ணில் தொடங்கிய பயணம்

மலேசியாவின் முன்னணி கைப்பேசிச் சேவை நிறுவனங்களில் ஒன்றான மெக்சிஸ், 1995-இல் 012 என்ற தொடக்க எண்ணுடன் சேவைக்கு வந்தது. பினாரியாங் என்பது அதன் முதல் பெயர். இதன் நிறுவனர் டான்ஸ்ரீ ஆனந்த கிருஷ்ணன், இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் 1938-இல் பிரிக்பீல்ட்ஸில் பிறந்தவர்.

1999-இல் ஹாட்லிங்க் முன்கட்டணச் சேவை அறிமுகமானது. மாதக் கட்டண ஒப்பந்தம் தேவையில்லை. பணம் போட்ட அளவுக்குப் பேசலாம். கைப்பேசி எளிய குடும்பங்களுக்கும் எட்டியதற்கு இத்தகைய சேவைகளே முக்கியக் காரணம். பின்னர் டைம்செல் நிறுவனத்தை வாங்கியதால் 017 எண்ணும் மெக்சிஸுடன் இணைந்தது. 2005-இல் 3ஜி, 2013-இல் 4ஜி சேவைகள் தொடங்கின. 2009-இல் மெக்சிஸ் மீண்டும் பங்குச் சந்தைக்கு வந்தபோது 1,120 கோடி ரிங்கிட் திரட்டப்பட்டது.

தமிழ்நாட்டிலும் அதன் தடம் உண்டு. சென்னையில் உருவான ஏர்செல் நிறுவனத்தின் 74 விழுக்காட்டுப் பங்குகளை 2006-இல் மெக்சிஸ் வாங்கியது. கடும் கட்டணப் போட்டியிலும் கடன் சுமையிலும் சிக்கிய ஏர்செல், 2018-இல் திவால் மனு தாக்கல் செய்தது. அலைவரிசை துண்டிக்கப்பட்ட வாடிக்கையாளர்கள், பழைய எண்ணைக் காப்பாற்றிக்கொள்ள வேறு நிறுவனங்களுக்கு மாற அலைமோதினர்.

ஆனந்த கிருஷ்ணன் 2024 நவம்பர் 28-ஆம் தேதி, 86-ஆவது வயதில் காலமானார். அவர் தொடங்கிய 012 சேவை தொடர்கிறது.