தன்னைத் தானே புதுப்பித்த இயங்குதளம்

அரசுகளின் எழுச்சி வீழ்ச்சிகளையே வரலாறு என்று எழுதியும் வாசித்தும் பழகியவர்கள் நாம். மென்பொருள்களுக்கும் அத்தகைய வரலாறு உண்டு. ஏழே ஆண்டுகளுக்குள் பிறந்து, புகழ்பெற்று, விலைபோய், மறைந்த கோர் ஓ.எஸ். என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் கதையை அவ்வாறான ஒன்றாகவே நான் பார்க்கிறேன்.

2013ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அலெக்ஸ் பொல்வி, பிரண்டன் பிலிப்ஸ் முதலானோர் இதனைத் தொடங்கினர். இணைய உலாவிகள் நம்மைத் தொந்தரவு செய்யாமல் தம்மைத் தாமே புதுப்பித்துக் கொள்கின்றன. இணையத்தைத் தாங்கி நிற்கும் வழங்கிக் கணினிகளோ, ஓடுவதைத் தொட்டால் நின்றுவிடுமோ என்ற அச்சத்தில் பழைய மென்பொருளுடனேயே விடப்படுகின்றன. பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமலே கிடக்கின்றன. இந்த முரண்பாடே அவர்களைச் சிந்திக்க வைத்தது.

கூகிளின் குரோம் ஓ.எஸ்.ஸை அடித்தளமாகக் கொண்டு, வேண்டாதவற்றையெல்லாம் களைந்தனர். செயலிகள் யாவும் கொள்கலன்களில் தனித்தனியே அடைக்கப்பட்டு ஓடின. வட்டில் இயங்குதளத்துக்கென இரு பகுதிகள் இருந்தன. ஒன்று இயங்கிக்கொண்டிருக்க, மற்றையதில் புதிய பதிப்பு வந்திறங்கும். கணினி மீள இயங்கும்போது புதியது பொறுப்பேற்கும். அது தவறினால் பழையதற்கே திரும்பலாம். ஒரு பக்கம் அச்சில் ஓட, அடுத்த பக்கத்தை அருகிலே கோத்து வைக்கும் பழைய அச்சுக்கூட முறையை இது எனக்கு நினைவூட்டுகிறது.

2014 ஜூலையில் முதலாவது நிலையான பதிப்பு வெளியாயிற்று. பல கணினிகள் ஒரே தகவலை ஒத்திசைவாக வைத்திருப்பதற்கென இவர்கள் உருவாக்கிய 'எட்சிடி', கூகிளில் பிறந்த குபர்னெட்டீஸின் தகவல் பெட்டகமாயிற்று.

2018 ஜனவரியில் ரெட் ஹெட் நிறுவனம் 250 மில்லியன் டொலருக்குக் கோர் ஓ.எஸ்.ஸை வாங்குவதாக அறிவித்தது. 2020 மே 26ஆம் திகதியுடன் பழைய இயங்குதளத்தின் ஆயுள் முடிந்தது. தானே புதுப்பித்துக்கொள்ளும் என்று நம்பி விடப்பட்ட கணினிகளுக்கு, புதுப்பிப்பே வராத காலம் வந்தது. வாரிசாக முன்வைக்கப்பட்ட பெடோரா கோர் ஓ.எஸ்.ஸுக்கு இருந்தபடியே மாற முடியாது. கணினியில் புதிதாக நிறுவவேண்டும்.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. ஜேர்மனியின் பேர்லின் நகரில் இயங்கிய கின்வோல்க் என்ற சிறு நிறுவனம், 2018இலேயே மூல நிரலைப் பிரதியெடுத்து 'பிளாட்கார்' என்ற பெயரில் வளர்க்கத் தொடங்கியிருந்தது. புதுப்பிப்புகள் வரும் முகவரியையும் அதற்குரிய திறவுகோலையும் மாற்றினால், பழைய கணினிகள் இருந்த இடத்திலேயே இதற்கு மாறலாம்.

2021இல் கின்வோல்க்கை மைக்ரோசொப்ட் வாங்கியது. மீண்டும் அதே கதையோ என்ற ஐயம் எழுவது இயல்பே. எனினும் 2024இல் பிளாட்கார், கிளவுட் நேட்டிவ் கம்பியூட்டிங் பவுண்டேசன் என்ற பொது அமைப்பின் அரவணைப்புக்குள் சென்றது.

நிறுவனத்தை விற்கலாம், பெயரை விற்கலாம். திறந்த உரிமத்துடன் ஊருக்குக் கொடுத்துவிட்ட நிரலைத் திரும்பப் பெற எவராலும் இயலாது. ஆயினும் உரிமம் வழியைத் திறந்துவிட மட்டுமே செய்யும். அன்று பேர்லினில் சிலர் அந்தப் பொறுப்பைச் சுமக்க முன்வந்திராவிட்டால், நிரல் இருந்தும் இயங்குதளம் இருந்திராது.