தகர வில்லையும் வம்சாவளியும்

ஸ்கொத்லாந்திலே ஒரு குடும்பத்தின் முன்னோரைத் தேடுவோர்க்கு வழி தெளிவாகவே உள்ளது. 1855ஆம் ஆண்டு முதல் பிறப்பு, இறப்பு, திருமணம் ஆகியவற்றை அரசு பதிந்து வந்திருக்கிறது. அதற்கு முந்திய காலத்துக்குத் திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவேடுகள் உள. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர், 1835இல் கின்கார்டின் பகுதியிற் பிறந்தவர். தந்தை வண்டிச் சக்கரம் செய்யும் தொழிலாளி. மகன் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் எடின்பரோ தேசிய நூலகத்திற் பேணப்படுகின்றன. பிரபு குலத்திற் பிறந்தவரல்லர். எனினும் ஏடு அவரை மறக்கவில்லை.

அத்தகைய துரைமாருக்காக மலைக்காட்டை வெட்டித் திருத்தியோரின் முன்னோரை எந்த ஏட்டிலே தேடுவது? இவ்வினாவோடுதான் நாம் மன்னார்க் கரைக்கு வருகிறோம்.

கோப்பிக் காலத்தில் இராமநாதபுரக் கரையிலிருந்து தோணியேறியோர் இக்கரையில் இறங்கி, வன்னிக் காடுகளைக் கடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே சென்றனர். வாந்திபேதியால் வழியில் மாண்டோர் பலர். பெயர் பொறித்த கல்லை அவர்களுக்கு யார் நாட்டினர்? உயிரோடு மலையேறியவரும் எழுத்திலே கடனாகவே இடம்பெற்றனர். ‘துண்டு’ என்று தோட்டத்தில் வழங்கிய அச்சீட்டு, கங்காணியின் ஆட்கள் பட்ட கடனைக் குறிப்பது. அத்தொகையைச் செலுத்தும் துரை ஆட்களைத் தன் தோட்டத்துக்குப் பெற்றுக்கொள்ளலாம். 1921 வரை இம்முறை சட்டப்படியே நிலவிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, புதிதாகத் திரட்டப்பட்டவர்க்கு எண் பொறித்த தகர வில்லையும் கொடுக்கப்பட்டது. தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண். 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பலும் தலைமன்னார் ரயிலும் வந்தபின் பயணவழி மாறிற்று, எண் ஒழியவில்லை.

இவ்வாறு எண்ணாலும் கடனாலும் அறியப்பட்ட மக்களிடந்தான் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வம்சாவளி கேட்டது! இலங்கையிற் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தை இங்கே பிறந்திருத்தல் வேண்டும், அன்றேல் பாட்டனும் பூட்டனும் பிறந்திருத்தல் வேண்டும். கொழும்புச் சீமான்களில் எத்தனை பேர் பூட்டனின் பிறப்புச் சான்றைப் பெட்டியில் வைத்திருந்தனர் என்று கேட்க நமக்கு ஆசைதான். ஆனால் அவர்களை யாரும் கேட்கவில்லை. 1949இன் சட்டம் வேறொரு வாயிலைத் திறந்தது. அங்கும் தொடர்ந்து வசித்ததற்குச் சான்று தேவை: மணமானவர்க்கு ஏழாண்டு, மற்றவர்க்குப் பத்தாண்டு. லயக் காம்பராவில் வாழ்ந்தவர் தம் வாழ்வையே நிரூபிக்கத் தோட்டத்துரையின் பதிவேட்டை நாடி நிற்க நேர்ந்தது.

1964 ஒக்தோபர் 30இல் இரு பிரதமர்கள் ஒப்பமிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டனர். 1,50,000 பேரைப் பின்னர் பார்ப்போமென்று ஒத்திவைத்தனர். அவ்வாண்டு டிசம்பரிலே புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்துக்குச் சென்ற கப்பலில் ஏறத் தலைமன்னார்த் துறைக்கு வந்தோரிற் பெரும்பாலோர் மலைநாட்டிற் பிறந்தவர்கள். பாட்டன் தோணியில் வந்திறங்கிய கரையை அன்றுதான் முதன்முதலிற் கண்டவர்கள்.