உருமாறும் உயிரியும் ஒரு துளி இரத்தமும்

‘ஹூ கோஸ் தேர்?’ என்ற குறுநாவல் 1938 ஆகஸ்டு மாத ‘அஸ்டவுண்டிங் சயின்ஸ் ஃபிக்ஷன்’ இதழில் வெளிவந்தது. காவலாள் இருளில் நிற்பவரைப் பார்த்து ‘யார் அங்கே?’ என்று அதட்டும் குரல்தான் அதன் தலைப்பு. எழுதியவர் பெயர் டான் ஏ. ஸ்டூவர்ட் என்று அச்சிடப்பட்டிருந்தது. அது அந்த இதழின் ஆசிரியரான ஜான் டபிள்யூ. கேம்ப்பெலின் புனைபெயர், மனைவி டோனா ஸ்டூவர்ட்டின் பெயரைத் திரித்து அமைத்துக்கொண்டது. விண்கலங்களும் பெரும் எந்திரங்களும் மோதிக்கொள்ளும் கதைகளைத் தன் சொந்தப் பெயரில் எழுதிய கேம்ப்பெல், மனிதரின் அச்சமும் தனிமையும் முன்னிற்கும் கதைகளுக்கு இந்தப் பெயரை ஒதுக்கி வைத்திருந்தார்.

கதை அண்டார்க்டிகாவில் உள்ள ஓர் ஆய்வு முகாமில் நடக்கிறது. முகாமில் முப்பத்தேழு பேர். காந்த ஊசியின் விலகலைத் தொடர்ந்து சென்றவர்கள், இரண்டு கோடி ஆண்டுகளாகப் பனிக்கட்டிக்குள் புதைந்து கிடந்த ஒரு விண்கலத்தைக் காண்கிறார்கள். பனியை உருக்க வைத்த தெர்மைட் வெடிமருந்தால் மக்னீசியக் கலவையால் ஆன கலம் முழுவதும் எரிந்து போகிறது. மிஞ்சியது, பனிப்பாளத்துக்குள் உறைந்த ஓர் உயிரி: மூன்று சிவந்த கண்கள், புழுக்களைப் போல நெளியும் நீல முடி. ஆராய்வதற்காக அதை உருக வைக்கிறார்கள். உயிர்த்தெழுந்து தப்பும் அது, பனிவண்டி இழுக்கும் நாய்களிடையே, பாதி நாயாக மாறிய நிலையில் பிடிபடுகிறது.

அதைக் கொன்ற பிறகுதான் உண்மையான கதை தொடங்குகிறது. எந்த உயிரையும் விழுங்கி, அதன் உடலை மட்டுமல்லாமல் நினைவையும் பேச்சையும்கூட அப்படியே எடுத்துக்கொள்ள வல்லது அந்த உயிரி. அப்படியானால் பக்கத்தில் படுத்திருப்பவன் மனிதன்தானா? மருத்துவர் காப்பர் ஓர் இரத்தப் பரிசோதனையை முன்வைக்கிறார். இருவர் கொடுத்த மனித இரத்தத்தை நாய்க்கு ஏற்றி, அதன் உடலில் உண்டாகும் எதிர்ப்பொருளைக் கொண்டு மற்றவர்களைச் சோதிப்பது அவர் திட்டம். அந்த நாய் மனித இரத்தத்துக்கும் வேற்றுலக இரத்தத்துக்கும் ஒருசேர எதிர்ப்புக் காட்டுகிறது. இரத்தம் கொடுத்த மருத்துவரோ முகாம் தலைவரோ, இருவரில் ஒருவர் மனிதரல்ல என்பது அதன் பொருள். வழிகாட்ட வேண்டிய அறிவியலே இப்படிச் சந்தேகத்துக்கு உள்ளாவதுதான் கேம்ப்பெல் எழுதியவற்றில் மிகக் கூர்மையான இடம்.

தீர்வைக் காண்பவன் வானிலை ஆய்வாளன் மெக்ரெடி. அந்த உயிரியின் ஒவ்வொரு துளியும் தனக்கெனத் தனி உயிர் கொண்டது. ஆகவே துளி இரத்தத்தில் பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைத்தால் மனித இரத்தம் வெறுமனே பொசுங்கும், வேற்றுலக இரத்தம் தன்னைக் காத்துக்கொள்ளத் துள்ளி விலகும். எதிரியின் பலத்திலிருந்தே அதன் பலவீனத்தைக் கண்டெடுக்கும் இந்தத் தர்க்கம்தான் கதையின் உயிர்நாடி. திரைப்படங்களை எடைபோடவும் இந்தப் பரிசோதனையே நல்ல அளவுகோல்.

1951இல் ஆர்.கே.ஓ. நிறுவனம் வெளியிட்ட ‘தி திங் ஃப்ரம் அனதர் வேர்ல்டு’ படத்தில் இந்தப் பரிசோதனை இல்லவே இல்லை. தயாரித்தவர் ஹோவர்ட் ஹாக்ஸ். இயக்குநராகக் குறிப்பிடப்பட்டவர் அவருடைய படத்தொகுப்பாளர் கிறிஸ்டியன் நைபி. ஒருவர் பேச்சின் மேல் மற்றவர் பேச்சு ஏறி விழும் உரையாடல் முறை ஹாக்ஸின் முத்திரை என்பதால், படத்தை உண்மையில் இயக்கியவர் யார் என்ற விவாதம் நெடுங்காலம் நீடித்தது. களம் தென் துருவத்திலிருந்து வட துருவத்துக்கு மாறியது. முகாமுக்கு அமெரிக்க விமானப்படையினர் வந்து சேர்ந்தார்கள். உருமாறும் உயிரியின் இடத்தில் உயரமான நடிகர் ஜேம்ஸ் ஆர்னெஸ், தாவர இனத்தைச் சேர்ந்த, இரத்தத்தை உணவாகக் கொள்ளும் அரக்கனாக வந்தார். மனித உடல் இன்னொன்றாக மாறுவதை அன்றைய ஒப்பனைக் கலையாலும் தந்திரக் காட்சிகளாலும் நம்பும்படி காட்டியிருக்க முடியாது. சந்தேகம் போன இடத்தில் வெளியிலிருந்து வரும் பகைவன் வந்தான். பனிப்போர் காலத்துக்கும், 1947 முதல் அமெரிக்காவைப் பிடித்திருந்த பறக்கும் தட்டுப் பரபரப்புக்கும் அவன் பொருந்தினான். ஆயினும் இதை வெறும் சமரசப் படம் என்று ஒதுக்கிவிட முடியாது. பனிக்கடியில் தெரியும் நிழலின் விளிம்பில் ஆட்கள் கைகளை அகல விரித்து நின்று, தாங்கள் ஒரு வட்டமாக நிற்பதை உணரும் காட்சி இன்றும் சிலிர்க்க வைக்கிறது. 2001இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இப்படத்தைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது.

இப்படத்தின் மீது பற்றுக்கொண்டவர்களில் ஒருவர் இயக்குநர் ஜான் கார்ப்பெண்டர். அவருடைய ‘ஹாலோவீன்’ (1978) படத்தில் வரும் சிறுவர்கள் தொலைக்காட்சியில் பார்ப்பது இதைத்தான். ஆனால் 1982இல் யுனிவர்சல் நிறுவனத்துக்காக ‘தி திங்’ எடுத்தபோது அவர் ஹாக்ஸிடம் போகாமல் கேம்ப்பெலிடம் திரும்பினார். பில் லாங்கஸ்டரின் திரைக்கதையில் முப்பத்தேழு பேர் பன்னிரண்டு பேராகக் குறைந்தார்கள். முகங்கள் நினைவில் நின்றன. மருத்துவரின் முதல் பரிசோதனை இங்கும் தோற்கிறது. சேமித்து வைத்த இரத்தப் பைகளை யாரோ நாசமாக்கிவிடுகிறார்கள். அதன்பின் கர்ட் ரஸ்ஸல் நடித்த மெக்ரெடி, சகாக்களைக் கட்டிப்போட்டு, கிண்ணங்களில் எடுத்த இரத்தத்தில் சுடுகம்பியை ஒவ்வொன்றாக வைக்கிறான். நாற்பத்து நான்கு ஆண்டுகள் காகிதத்தில் காத்திருந்த காட்சி அது.

1951இல் முடியாததை 1982இல் சாத்தியமாக்கியவர் ராப் பாட்டின் என்ற இளைஞர். வயது இருபத்திரண்டு. ரப்பர் நுரை, ஜெலட்டின், வழவழப்பான களிம்புகள், கம்பிகள், நீரழுத்தக் குழாய்கள் ஆகியவற்றைக் கொண்டு ஓராண்டுக்கும் மேலாக ஓய்வின்றி உழைத்தார். இறுதியில் களைப்பால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நாய்க்கொட்டில் காட்சிக்கான உருவத்தை மட்டும் மற்றொரு கலைஞரான ஸ்டான் வின்ஸ்டன் செய்துகொடுத்தார். பெருமை பாட்டினுக்கே சேரட்டும் என்று ஒதுங்கிக்கொண்டார். நின்றுபோன இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கையில் நோயாளியின் மார்பு வாயாகப் பிளந்து மருத்துவரின் கைகளைத் துண்டிக்கும் காட்சியில், இரு கைகளும் இல்லாத ஒருவருக்குச் செயற்கைக் கைகளைப் பொருத்திப் படமெடுத்தார்கள். இவை அனைத்தும் கேமராவின் முன் உண்மையாகவே நிகழ்ந்தவை.

படம் 1982 ஜூன் 25 அன்று வெளியானது. அதே நாளில் ‘பிளேடு ரன்னர்’ வந்தது. அன்பான வேற்றுலக உயிரியைக் காட்டிய ஸ்பீல்பெர்க்கின் ‘இ.டி.’ இரண்டு வாரம் முன்னதாகவே திரையரங்குகளை நிறைத்திருந்தது. விமர்சகர்கள் ‘தி திங்’ படத்தை அருவருப்பானது என்று சாடினார்கள். சுமார் 1.5 கோடி டாலர் செலவில் எடுத்த படம் அமெரிக்காவில் 1.96 கோடி டாலர் அளவுக்கே வசூலித்தது. கார்ப்பெண்டர் இயக்கவிருந்த ‘ஃபயர்ஸ்டார்ட்டர்’ படமும் அவர் கையை விட்டுப் போனது. வீடியோ கேசட்டும் தொலைக்காட்சியும்தான் பின்னர் படத்துக்கு அதற்குரிய பார்வையாளர்களைத் தேடித் தந்தன. தென் துருவத்தில் உள்ள அமுண்ட்சென்–ஸ்காட் நிலையத்தில், கோடைக்காலத்தின் கடைசி விமானம் புறப்பட்ட பிறகு, குளிர்காலம் முழுவதும் தங்கப்போகிறவர்கள் கூடி அமர்ந்து இக்கதையின் படங்களைப் பார்ப்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

2011இல் மத்தீஸ் வான் ஹைனிங்கன் இயக்கத்தில் மீண்டும் ‘தி திங்’ என்ற பெயரிலேயே ஒரு முன்கதை வந்தது. கார்ப்பெண்டர் படத்தின் தொடக்கத்தில் அழிந்து கிடக்கும் நார்வே முகாமில் என்ன நடந்தது என்பதை அது சொல்லியது. பரிசோதனை இங்கே புது வடிவம் பெற்றது: உயிரற்ற பொருளை அந்த உயிரியால் நகலெடுக்க முடியாது, ஆகவே பல்லில் அடைத்த உலோகம் இருப்பவர் மனிதர். புத்திசாலித்தனமான எண்ணம்தான், கேம்ப்பெலின் தர்க்கத்துக்கு நெருங்கிய உறவும்கூட. ஆனால் பல் சொத்தை இல்லாதவரைப் பற்றி அது எதையும் சொல்லாது. சுடுகம்பி தரும் திட்டவட்டமான பதில் அதில் இல்லை. அலெக் கில்லிஸ், டாம் உட்ரஃப் ஆகியோரின் பட்டறை இப்படத்துக்காக உருவாக்கிய ரப்பர் உருவங்களில் பெரும்பாலானவை இறுதிப் படத்தில் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸால் மூடப்பட்டன. கைவேலையை முன்னிறுத்தி அவர்கள் ரசிகர்களிடம் நிதி திரட்டி ‘ஹார்பிஞ்சர் டவுன்’ (2015) என்ற படத்தை எடுத்தார்கள்.

கேம்ப்பெல் 1971இல் காலமானார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்பட்டிருந்த அவருடைய தாள்களில் இக்கதையின் நீண்ட முதல் வடிவம் இருப்பதை வாழ்க்கை வரலாற்றாசிரியர் அலெக் நெவாலா-லீ கண்டறிந்தார். அது ‘ஃப்ரோசன் ஹெல்’ என்ற பெயரில் 2019இல் நூலானது. விண்கலம் கண்டெடுக்கப்பட்டதும் எரிந்ததும் அதில் தொடக்க அத்தியாயங்களாக விரிகின்றன. அச்சுக்குப் போன வடிவத்தில் கேம்ப்பெல் அவற்றை நீக்கிவிட்டு, பனிப்பாளம் முகாமுக்குள் வந்த பிறகு கதையைத் தொடங்கினார். நடந்ததைக் கூடியிருப்பவர்களுக்கு மெக்ரெடி எடுத்துரைப்பதோடு சரி. பனிக்கடியில் கலத்தைக் கண்டெடுப்பதை விரிவாகக் காட்டிய 2011ஆம் ஆண்டுப் படம், கதாசிரியர் 1938இலேயே தேவையில்லை என்று தள்ளிய பகுதிக்குத்தான், தன்னையறியாமல், திரும்பிச் சென்றிருந்தது.